விருதுநகர் வீட்டுக் குழு: வாணலியில் ஒன்றரை லிட்டர்

தீபாவளிக்கு மறுநாள்

காலை 6:42
ராஜம் பெரியம்மா: எல்லாருக்கும் பார்சல் கட்டியாயிற்று. முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம். இப்போது வாணலியில் ஒன்றரை லிட்டர் கடலை எண்ணெய் மிச்சம் கிடக்கிறது. கொட்ட மனசு வரவில்லை. வடிகட்டி வைத்தால் கார்த்திகை வரை ஓட்டலாம் இல்லையா?

6:50
கண்ணன் மாமா: (பலமுறை அனுப்பப்பட்டது) ரீஃபைண்டு எண்ணெய் மெல்லக் கொல்லும் விஷம்! செக்கு எண்ணெய் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும்! தினமும் காலையில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடியுங்கள்! அனைவருக்கும் பகிருங்கள்!!

6:53
செந்தில் அண்ணன்: மாமா, இது போன தீபாவளிக்கும் வந்தது.

6:54
கண்ணன் மாமா: நல்லதை நாலு தரம் சொல்லலாம்டா.

7:05
நான்: பெரியம்மா, எத்தனை ஈடு சுட்டீர்கள்?

7:09
ராஜம் பெரியம்மா: முறுக்கு மட்டும் பதினெட்டு ஈடு. அப்புறம் முந்திரிக்கொத்து. கடைசியில் அதிரசம். நடுவில் குறையக் குறையப் புது எண்ணெய் ஊற்றிக்கொண்டேன்.

7:10
ராஜம் பெரியம்மா: நீ ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சாப்பாட்டுப் பட்டியல் எழுதுகிறவள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்.

7:12
நான்: இல்லை. 😄 கார்த்திகை வரை வைக்காதீர்கள். கொதிக்கிற எண்ணெயில் காற்றும் மாவின் ஈரமும் சேரச் சேர அது உடைந்து வேறு பொருளாக மாறுகிறது. இப்படிக் கெட்ட பகுதியை மொத்த போலார் பொருட்கள் என்பார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கவே கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்டது. ஓட்டல்களில் அளக்க ஒரு கருவி வைத்திருப்பார்கள். நமக்குக் கண்ணும் மூக்கும்தான். நிறம் கறுத்திருக்கிறதா? அடுப்பில் வைத்ததும் சீக்கிரம் புகைகிறதா? நுரை அடங்காமல் நிற்கிறதா?

7:20
ராஜம் பெரியம்மா: அதிரசம் போட்டபோது நுரைத்தது. வெல்லத்தினால் என்று நினைத்தேன்.

7:21
செல்வி அத்தை: விளக்குக்கு ஊற்றலாமே மதினி.

7:22
ராஜம் பெரியம்மா: பலகாரம் சுட்ட எண்ணெயைச் சாமிக்கா? நன்றாகச் சொன்னாய் போ.

7:30
நான்: ஒரு தரம் அப்பளம் பொரித்த எண்ணெய் என்றால் வடிகட்டி, இரண்டு நாளுக்குள் தாளிக்கவோ வதக்கவோ தீர்த்துவிடலாம். மறுபடி பொரிக்கக் கூடாது, புது எண்ணெயோடு கலக்கவும் கூடாது. கலந்தால் பழையது புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். உங்களுடையது நாள் முழுக்கக் கொதித்தது. விட்டுவிடுங்கள்.

7:41
கண்ணன் மாமா: எல்லாம் சரி. செக்கு எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே மருமகளே. நான் மூன்று மாதமாகக் காலைக் காப்பியில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் குடிக்கிறேன். உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது.

7:42
செல்வி அத்தை: ரிசல்ட்டைப் போடச் சொல். போன வாரம் ரத்தம் கொடுத்தார். சீட்டை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

7:43
செந்தில் அண்ணன்: 😂😂

7:58
கண்ணன் மாமா: கெட்ட கொழுப்பு 161. முன்னே 128. ஆய்வுக்கூடத்தில் ஏதாவது தப்பு நடந்திருக்கும்.

8:10
நான்: மாமா, ஆய்வுக்கூடத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நெய்யிலேயே அறுபத்தைந்துக்குள்தான். 2020இல் சர்குலேஷன் என்ற இதய மருத்துவ இதழில் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். மற்ற தாவர எண்ணெய் சாப்பிட்டவர்களை விடத் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சராசரியாகப் பத்துப் புள்ளி கூடியிருந்தது. நல்ல கொழுப்பும் நாலு கூடியது. ஆனால் அது இதை ஈடுகட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

8:14
கண்ணன் மாமா: தேங்காய் எண்ணெயில் இருப்பது நேராக ஈரலுக்குப் போய் எரிந்துவிடும் என்கிறார்களே. எம்.சி.டி.யோ என்னவோ.

8:19
நான்: எம்.சி.டி. என்றால் நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு. அதை வைத்துச் செய்த சோதனைகளில் கொடுத்தது தனியாகப் பிரித்தெடுத்த எண்ணெய், எட்டு கார்பன், பத்து கார்பன் கொழுப்பு. நம் தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம், அது பன்னிரண்டு கார்பன். பெரும்பாலும் மற்றக் கொழுப்பு போகிற வழியிலேயே போகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலனும் ஒன்று என்று எழுதிவிட்டார்கள்.

8:25
அம்மா: ஏண்டி, நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்வது? இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தேங்காய் எண்ணெய்தான். உன்னையும் அதில்தான் வளர்த்தேன்.

8:31
நான்: அவியலில் கடைசியாக ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு மூடுவீர்களே அம்மா, அதை யார் நிறுத்தச் சொன்னது? அந்த மணம் வேறு எதில் வரும். பொரிப்பதற்கும் தினக் குழம்புக்கும் மட்டும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்குங்கள். காப்பியில் ஊற்றுவது நம் ஊர் வழக்கமே இல்லை. அது மாமா யூடியூபில் கற்றது.

8:33
அம்மா: அப்படிச் சொல்.

8:47
ராஜம் பெரியம்மா: எங்கள் அப்பா எள்ளைக் கொண்டுபோய் வாகை மரச் செக்கில் ஆட்டுவார். கூடவே கருப்பட்டி உடைத்துப் போடுவார்கள், எண்ணெய் நன்றாகப் பிரியும். நானும் கண்ணனும் சூடு ஆறாத எள்ளுப் பிண்ணாக்கைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வருவோம். கடலை என்றால் அம்மா முறத்தில் கொட்டி, சுருங்கியது, பூசணம் பிடித்தது எல்லாம் பொறுக்கின பிறகுதான் செக்குக்கே போகும். இப்போது செக்குக் கடையில் மூட்டையை அப்படியே சாய்க்கிறான்.

8:52
நான்: பெரியம்மா, இந்தக் குழுவில் இன்றைக்கு வந்ததிலேயே பெரிய விஷயம் இதுதான். பூசணம் பிடித்த கடலையில் அஃப்லாடாக்ஸின் என்ற நஞ்சு வரும், ஈரலைக் கெடுக்கும். ரீஃபைண்டு செய்யும்போது காரம் (அல்கலி) சேர்த்துச் சுத்தம் பண்ணுவதில் அது பெரும்பாலும் போய்விடும். செக்கில் அந்த வேலை கிடையாது. ஆகவே செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் கடலையைப் பார்த்து வாங்க வேண்டும். நல்ல கடலை என்றால் செக்கு எண்ணெய் மணம், ருசி, வைட்டமின் ஈ எல்லாவற்றிலும் மேல்தான். அடைப்பைக் கரைக்கும் என்பது மட்டும் கதை.

8:55
செந்தில் அண்ணன்: பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று இதயப் படம் போட்டு விற்கிறார்களே?

8:56
நான்: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. தண்ணீர் கேனிலும் அப்படி எழுதலாம்.

9:04
செல்வி அத்தை: ரேஷன் பாமாயில்? எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா கேட்டது. லிட்டர் 25 ரூபாய். அதைத் தொடவே கூடாது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

9:11
நான்: பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயை விட அது குறைவுதான், நம் வீட்டில் யாரும் தேங்காய் எண்ணெயை விஷம் என்று சொல்வதில்லையே. கொஞ்சமாக ஊற்றட்டும், முடிந்த மாதம் கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ மாற்றி வாங்கட்டும். 25 ரூபாய் எண்ணெயைத் திட்டுகிறவர்கள் 400 ரூபாய் எண்ணெயை அந்த அக்காவுக்கு வாங்கித் தரப் போவதில்லை.

9:20
நான்: இப்போது எல்லாரும் ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை பேர். நெய்யையும் சேர்த்து. லிட்டருக்கு 910 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்னது, 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம். ஐந்தாறு டீஸ்பூன்.

9:34
ராஜம் பெரியம்மா: நானும் பெரியப்பாவும். இரண்டு லிட்டர். தீபாவளி மாதத்தைச் சேர்க்காதே.

9:35
நான்: 30 கிராம். பரவாயில்லை.

9:38
செந்தில் அண்ணன்: மூன்று பேர், இரண்டு லிட்டர். வெறும் 20! 💪

9:39
அம்மா: ராத்திரி ராத்திரி பைக்கில் வருகிற பிரியாணிக்கு யார் எண்ணெய் ஊற்றினார்கள்?

9:39
செந்தில் அண்ணன்: சித்தி...

9:45
கண்ணன் மாமா: இரண்டு பேர். ஒரு மூன்று லிட்டர் இருக்கும்.

9:46
செல்வி அத்தை: நாலு. மளிகைச் சீட்டு என் கையில் இருக்கிறது. அவர் வாரா வாரம் கடையில் தின்கிற எண்ணெய்ப் புரோட்டா தனி.

9:48
நான்: 60 கிராம் மாமா. எந்த எண்ணெய் என்று சண்டை போடுவதற்கு முன்னால் இதைப் பாதியாக்குங்கள். கிராமுக்கு 9 கலோரி எல்லா எண்ணெய்க்கும் ஒன்றுதான், செக்காக இருந்தாலும் சரி, ரீஃபைண்டாக இருந்தாலும் சரி.

9:50
கண்ணன் மாமா: விருதுநகரில் பிறந்துவிட்டுப் பொரித்த புரோட்டா தின்னாதே என்றால் எப்படி.

9:51
நான்: மாதம் ஒரு தரம். காப்பியில் எண்ணெய் நிறுத்தினால் மட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். அதற்கு முன்னால் இந்த வாரமே சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். 161ஐப் பூட்டி வைக்கக் கூடாது.

மாலை 5:15
ராஜம் பெரியம்மா: (படம்) வாணலி விளிம்பைப் பாருங்கள். பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சபீனா, சாம்பல், எலுமிச்சைத் தோல், எதற்கும் போகவில்லை. விரலில் ஒட்டுகிறது.

5:22
நான்: கொதித்துக் கொதித்து எண்ணெய் ஒன்றோடொன்று பிணைந்து இப்படி ஆகிறது பெரியம்மா. மிச்ச எண்ணெயிலும் இதுவேதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கிடக்கிறது.

5:40
ராஜம் பெரியம்மா: கண்ணால் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. ஆசாரி பட்டறையில் மரத்தூள் வாங்கி, அதில் ஊற்றிப் பிசைந்து, கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். சாக்கடையில் ஊற்றவில்லை, அடைத்துக்கொள்ளும்.

5:44
கண்ணன் மாமா: அக்கா, என் பார்சலில் முறுக்கு எத்தனை?

5:45
ராஜம் பெரியம்மா: காலையில் நாற்பது இருந்தது. இப்போது பத்து. மீதி செல்விக்குத் தனிப் பையில்.

5:46
செல்வி அத்தை: பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்கிறேன் மதினி.