ரீவால்க்ஸ் மடாலய இறக்கத்தில் சைக்கிள் பின் பிரேக் பிடிக்கவில்லை, அவசரம்

சேற்றுக்கால்: நாளை மறுபடி அதே பக்கம் போகிறோம், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள். இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில், சட்டன் பேங்கில் காரை விட்டுவிட்டு கோல்ட் கர்பி, ஓல்ட் பைலண்ட் வழியாக ரீவால்க்ஸ் மடாலயம் வரை ஓட்டினோம். ஓல்ட் பைலண்ட் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்கும் இடத்தில் பின் பிரேக் லீவர் கைப்பிடியில் வந்து முட்டிவிட்டது. முன் பிரேக்கை வைத்து ஒரு வழியாக இறங்கினேன். பேட் மாற்றி ஒரு மாசம்தான் ஆகிறது. என்ன செய்ய?

சங்கிலிக்கறுப்பன்: கேபிளா, ஆயிலா? டிஸ்க் எத்தனை மி.மீ? உங்கள் எடை எவ்வளவு? ஒன்றுமே சொல்லாமல் என்ன செய்ய என்றால் எப்படி?

மலைக்கோழி: சூடுதான். வேறு எதுவும் இல்லை. இறக்கம் முழுக்க பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்திருப்பீர்கள், ஆயில் கொதித்திருக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

யார்க்_பெரியவர்: இதே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் எழுதியாயிற்று, தேடிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் கிடைத்திருக்கும். அப்புறம் அது ரீவால்க்ஸ் இல்லை, ரீவோ. 1132இல் சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகள் வந்து கட்டிய இடம், பெயரையாவது சரியாகச் சொல்வோமே.

பஞ்சர்பாண்டி: டியூப்லெஸ் போட்டுவிடுங்கள் நண்பா, பாதித் தொல்லை போய்விடும்.

சங்கிலிக்கறுப்பன்: பிரேக்குக்கும் டியூப்லெஸ்ஸுக்கும் என்னய்யா சம்பந்தம்?

சேற்றுக்கால்: ஆயில் பிரேக். லீவர் மூடியில் மினரல் ஆயில் என்று இருக்கிறது. நான் 74 கிலோ. கீழே வந்து நாலைந்து தடவை அழுத்தியதும் லீவர் சரியாகிவிட்டது, கொஞ்ச நேரத்தில் மறுபடி தொளதொள. இன்னொன்று, ஹெல்ம்ஸ்லி பக்கம் திரும்பும்போது கிளீவ்லண்ட் வே என்ற நீண்ட நடைத்தடத்தில் ஒரு அம்மா இது ஃபுட்பாத், நடப்பவருக்கு மட்டும் என்று முறைத்தார், அதற்கும் பதில் சொன்னால் நல்லது.

எண்ணெய்க்கை: பேடில் எண்ணெய் பட்டிருந்தால் லீவர் கெட்டியாகத்தான் இருக்கும், பிடி மட்டும் இருக்காது. லீவரே உள்ளே போய், பல தடவை அழுத்தினால் சரியாகிறது என்றால் ஆயில் லைனில் காற்று. வழியில் சைக்கிளைக் கவிழ்த்தீர்களா?

யார்க்_பெரியவர்: ஃபுட்பாத்தில் ஓட்டுவது குற்றம். அபராதம் வரும்.

மலைக்கோழி: பெரியவரே, பொதுவாகக் குற்றம் இல்லை, நிலத்துக்காரர் சிவிலாகத்தான் கேட்கலாம். 1968 கிராமப்புறச் சட்டம் பிரைடில்வேயில், அதாவது குதிரையும் போகும் பாதையில், சைக்கிளை அனுமதிக்கிறது, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டும், அவ்வளவுதான். கிளீவ்லண்ட் வே 109 மைல், சில துண்டுகள் பிரைடில்வே, பல துண்டுகள் இல்லை. இணையத்தில் கிடைக்கிற ஜிபிஎஸ் தடக் கோப்புகளை அப்படியே நம்பாமல் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்26 வரைபடத்தைப் பாருங்கள்: குட்டிக் குட்டிப் பச்சைக் கோடு நடப்பவருக்கு, நீளக் கோடு நமக்கும்.

யார்க்_பெரியவர்: குற்றமோ இல்லையோ, மழை பெய்த மறுநாள் நாலு பேர் ஓட்டிப் போனால் அந்தப் பாதை என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறீர்களா? மொத்தப் பேருக்கும் கெட்ட பெயர்.

கூழாங்கல்: ஓல்ட் பைலண்டில் நின்றீர்களே, அந்தக் கதை தெரியுமா? 1143 வாக்கில் இன்னொரு துறவிக் கூட்டம் அங்கே வந்து உட்கார்ந்தது. இரண்டு மடத்து மணியும் ஒன்றுக்கொன்று கேட்டுக் குழப்பமாகிவிட்டது என்று 1147இல் வேறு இடம் பார்த்தார்கள். பிறகு 1177இல்தான் இப்போது பைலண்ட் மடம் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பஞ்சர்பாண்டி: மணிச் சத்தத்துக்கே ஊரைக் காலி செய்தார்களா, நம் டிஸ்க் கீச்சிடுவதைக் கேட்டால் என்ன செய்திருப்பார்களோ.

சேற்றுக்கால்: ஐயோ. ஓல்ட் பைலண்டில் பஞ்சர். புல்தரையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அரைமணி நேரம் டியூப் மாற்றினேன். அதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

பஞ்சர்பாண்டி: நான் சொன்னேன் இல்லையா, டியூப்லெஸ்!

எண்ணெய்க்கை: அதுதான். லீவர் தொட்டியில் கொஞ்சம் காற்று தங்கியிருக்கும், கவிழ்த்தால் அது லைனுக்குள் போய்விடும். இன்று ராத்திரி சைக்கிளை நேராக, லீவர் பக்கம் உயரமாக இருக்கும்படி நிறுத்தி லீவரை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டிவிடுங்கள், குமிழி மேலே ஏற வாய்ப்பு உண்டு. ஆனால் அது தற்காலிகம்தான், முறையாக ஏர் எடுத்தே, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். மினரல் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். டாட் என்கிற வேறு வகை பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் உப்பிப் போய் முழு பிரேக்கும் காலி.

மலைக்கோழி: சூடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சேற்றுக்கால்: காலையில் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன், லீவர் கெட்டியாக இருக்கிறது. கிளம்புகிறோம். அண்ணனுக்கு நன்றி.

எண்ணெய்க்கை: தம்பி, ஏர் எடுக்காமல் அந்த இறக்கத்துக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டு வாசலில் இருபது தடவை அழுத்திப் பாருங்கள்.

எண்ணெய்க்கை: தம்பி?

யார்க்_பெரியவர்: வேலை முடிந்தால் ஒருத்தரும் திரும்பி வருவதில்லை.