ஜெயநகர் வீடு (சண்டை வேண்டாம்)

சுந்தரி அத்தை: ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு பந்தல் அளவெடுக்க ஆள் வந்தா, மாடில நாலு மூலைலயும் கம்பம், கீழ பூரா ஒயரா கெடக்குன்றான். ரகு??

விஜி சித்தி: எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி

அப்பா: 🙏 காலை வணக்கம்

ரகு சித்தப்பா: அக்கா அது என் ஹேம் ரேடியோ ஆன்டெனா, பொழுதுபோக்கா ஊர் உலகத்தோட ரேடியோல பேசறேன்ல அதுக்கு. போன மாசமே இங்க குரூப்ல போட்டேன் யாரும் படிக்கல. ஃபோர் ஸ்கொயர்னு பேரு, 20 மீட்டர் பேண்டுக்கு, அதாவது ரேடியோ அலை ஒண்ணோட நீளம் 20 மீட்டர் சுமார். கம்பம் ஒவ்வொண்ணும் 5 மீட்டர், இடைவெளியும் 5 மீட்டர் சொச்சம், அதாவது கால் அலைநீளம், நம்ம 30க்கு 40 அடி சைட்டுக்கு அளவெடுத்த மாதிரி உக்காருது. ஒத்தக் கம்பம்னா சிக்னல் சுத்தி எல்லா பக்கமும் போயிரும். இதுல மூலைக்கு மூலை பாத்து, சிக்னல பின்னாடி கம்பத்துக்கு முதல்ல, நடு ரெண்டுக்கும் 90 டிகிரி லேட்டா, முன்னாடி உள்ளதுக்கு 180 டிகிரி லேட்டா குடுக்கறோம், அப்ப முன்பக்கம் எல்லாம் சேந்து பலமா போகும், பின்பக்கம் ஒண்ணையொண்ணு அடிச்சு காணாம போயிரும்

நான்: நம்ம குடும்பம் மாதிரி 😂

ரகு சித்தப்பா: கிழக்கு பாத்த வீடுங்கறதால குறுக்கால சரியா விழுது. சுவிட்ச திருப்பினா போதும், வடமேற்கு ஐரோப்பா, வடகிழக்கு ஜப்பான், தென்கிழக்கு ஆஸ்திரேலியா, தென்மேற்கு தென்னாப்பிரிக்கா

அப்பா: ஈசான்யத்துல கம்பமா

ரகு சித்தப்பா: ஃபைபர் தூண்டில் கம்புண்ணா, உள்ள ஒயர் ஓடுது. கனமே இல்ல

சுந்தரி அத்தை: ஒண்ண எடுத்துட்டு மூணு வெச்சுக்கோயேன்

ரகு சித்தப்பா: சதுரம் கெட்டா அந்த டிகிரி கணக்கு போச்சு. கன்னி மூலைல டேங்க் இருக்குன்னுதான் நாலையும் உள்ள தள்ளி நட்டேன்

திவ்யா: மாமா அந்த ஒயர்ல தடுக்கி விழுந்தா?

ரகு சித்தப்பா: அது ரேடியல்மா, கம்பத்தடில இருந்து தரைல விரிச்ச ஒயர், ஆன்டெனாவுக்கு அதுவும் வேணும். நான் ரேடியோல பேசறப்ப நுனிய தொட்டாதான் சுடும்

சுந்தரி அத்தை: சுடுமா!!!! மாசமான பொண்ணு நடக்கற எடத்துல

விஜி சித்தி: துணிக்கொடியையும் கழட்டியாச்சு அண்ணி. ஒரு வாரமா ரூம்லயே காயுது

ரகு சித்தப்பா: இரும்புக் கம்பி பக்கத்துல இருந்தா ட்யூனிங் இழுக்கும், நைலான் கயிறு வாங்கிட்டேன் விஜி

அப்பா: 2011 பைனல்ல தோனி சிக்ஸ் அடிக்கறப்ப டிவில இவன் குரல்

ரகு சித்தப்பா: அண்ணா அத விடவே மாட்டீங்களா. சனி காலை 5.30ல இருந்து திங்கள் காலை 5.30 வரைக்கும் சிக்யூ வேர்ல்ட் வைட்னு உலக ஹேம் போட்டி, வாய்ஸ்ல வருஷத்துக்கு ஒரே தடவ

சுந்தரி அத்தை: தலைச்சனுக்கு வளைகாப்பும் ஒரே தடவதான்டா

ரகு சித்தப்பா: 2004 சுனாமி அப்ப போர்ட் பிளேர்ல இருந்து ஹேம் ஆளுங்கதான்

சுந்தரி அத்தை: சுனாமி வேணாம் ரகு. 10 டு 2 மாடி எனக்கு

ரகு சித்தப்பா: சரி ரேடியல சுருட்டிடறேன், மத்தியானம் பேண்டும் டல்லாதான் இருக்கும். கம்பம் நிக்கட்டும். பந்தல் கால் மூங்கிலா இரும்புக் குழாயா?

சுந்தரி அத்தை: அவனக் கேட்டுதான் சொல்லணும்

அப்பா: கம்பத்துல மாவிலை கட்டிரலாம்

விஜி சித்தி: வளையல் சிக்பேட்டை போயி எடுக்கறதா அண்ணி, இல்ல இங்க 4வது பிளாக்கே போதுமா

திவ்யா: பச்சை சிவப்பு மட்டும் போதும் அத்தை ப்ளீஸ்

நான்: டேங்க் வழியுது, மோட்டார் போட்டது யாரு