உதவி: அப்பத்தாவோட அய்யா பத்தின பதிவு எங்க கிடைக்கும்? (அவசரம்)

வலசைக்காரன் | செவ்வாய், இரவு 10:40
வணக்கம். அப்பத்தாவோட அய்யா பேரு முனியாண்டி. சிலோன் போனவர் திரும்பல. எப்ப, எங்க இறந்தார்னு தெரியணும். ஆபீஸ்ல இறப்புப் பதிவு கேட்டேன், அந்தப் பேர்ல இல்லைன்னுட்டாங்க. ஆன்லைன்ல வில்லங்கம் போட்டேன், ஒண்ணும் வரல. அப்பத்தாவுக்கு 91 ஆச்சு, நடமாட்டம் இல்ல. "அவருக்கு ஒரு திதி கொடுக்காமலே நானும் போறேனே"ன்னு தினமும் சொல்லிச் சொல்லி அழுகுது. சீக்கிரம் சொல்லுங்க.

சர்வேயர் (ஓய்வு) | செவ்வாய், இரவு 11:05
தம்பி, ஊரு எது? எந்த வருஷத்துல தேடினீங்க? நிலம் இருந்துச்சா இல்லையா? இது எதுவும் இல்லாம யாராலயும் பதில் சொல்ல முடியாது.
ஆன்லைன் வில்லங்கம் பெரும்பாலும் 1975-லேர்ந்துதான். அதுக்கு முன்ன வேணும்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு கையால தேடச் சொல்லணும். இன்னொண்ணு, நம்ம பக்கம் பூராவும் ராமநாதபுரம் ஜமீன். பட்டா கொடுத்தது ஜமீன் கச்சேரி (ஆபீஸ்), முச்சிலிக்கா (குடியானவன் எழுதிக் கொடுக்கிற ஒப்பந்தம்) எழுதி வாங்கினதும் அவங்கதான். 1948 எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் சர்க்கார் அளந்து, குடியானவன் பேரைப் போட்டு செட்டில்மெண்ட் பதிவேடு எழுதினாங்க. அதுக்கு முந்தி செத்தவர் பேரை ‘அ’ பதிவேட்டுல (கிராம நிலப் பதிவேடு) தேடினா எப்படி வரும்? மகன் பேரைத் தேடுங்க. மகன் பேருக்கு முன்னால இருக்கிற இனிஷியல்தான் இவர்.

பாம்பன் காத்து | புதன், காலை 6:20
மாதா கோயில் பதிவேடு பார்த்தீங்களா? பழைய ஞானஸ்நானப் பதிவு, அடக்கப் பதிவு எல்லாம் லத்தீன்ல இருக்கும். அப்பா பேரு, அம்மா பேரு, ஞானப்பெற்றோர் பேரு வரைக்கும் கிடைக்கும். எங்க குடும்பத்துல நாலு தலைமுறை அதுலதான் எடுத்தேன். சர்க்கார் பதிவை நம்பாதீங்க.

வலசைக்காரன் | புதன், காலை 7:02
நாங்க இந்துங்க. ஊரு உச்சிப்புளி பக்கம். அங்கயே 1930லேர்ந்து 50 வரைக்கும் தேடச் சொன்னேன்.

பாம்பன் காத்து | புதன், காலை 7:15
பேரு முனியாண்டின்னா என்ன? சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கினவங்களும் உண்டு. பார்த்துட்டு இல்லைன்னு சொல்லுங்க.

ஏடறிஞன் (மூத்த உறுப்பினர்) | புதன், காலை 9:30
இந்தக் கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு. பழைய இழைகளைப் படிச்சுட்டுக் கேட்கிற பழக்கமே யாருக்கும் இல்ல. சிலோன்ல செத்தவருக்கு உச்சிப்புளியில இறப்புப் பதிவு எப்படி இருக்கும்? கிராம முன்சீப் அவர் ஊர் எல்லைக்குள்ள நடந்ததைத்தான் எழுதுவார். இது அடிப்படை. கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவர்) மூலமாப் போனவரா இருந்தா, தோட்டத்து ஆட்களை அனுப்புற முகாம் வழியாப் போயிருப்பார். இல்லன்னா கள்ளத்தோணிதான். அப்படின்னா பதிவுன்னு ஒண்ணு கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

தோட்டத்துப் பிள்ளை | புதன், காலை 10:11
ஐயா, அந்த வார்த்தையை இங்க எழுதாதீங்க. எங்கம்மா 1974-ல ராமானுஜம் கப்பல்ல வந்து ராமேஸ்வரத்துல இறங்கி மண்டபம் முகாம்ல இருந்தவங்க. அங்கயும் அந்த வார்த்தைதான், இங்க வந்தும் அதேதான் கேட்டாங்க. 1948-ல குடியுரிமையைப் பறிச்ச பிறகு எங்க ஆளுங்க மேல ஒட்டவச்ச பேரு அது. அதுக்கு முன்ன கடலைத் தாண்டினவரையும் அதே பேரைச் சொல்லிக் கூப்பிடுறது அநியாயம்.

ஏடறிஞன் (மூத்த உறுப்பினர்) | புதன், காலை 10:25
நான் வழக்குல இருக்கிற சொல்லைச் சொன்னேன். உணர்ச்சிவசப்பட்டா ஆராய்ச்சி நடக்காது.

கரைவலை | புதன், காலை 10:50
வழக்குன்னா யாரு வழக்கு? எங்க தாத்தா காலத்துல மன்னாருக்கு வள்ளத்துல போறது பக்கத்து ஊர் சந்தைக்குப் போற மாதிரி. தனுஷ்கோடியிலேர்ந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன்னு எல்லாத் துறையிலயும் ஆள் ஏறியிருக்காங்க. கருவாட்டுக்கும் சங்குக்கும் போனாங்க, கல்யாணத்துக்கும் போனாங்க. அதுல களவு எங்க இருக்கு?

சர்வேயர் (ஓய்வு) | புதன், காலை 11:30
சண்டையை விடுங்கப்பா. தம்பி, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல. முக்கியமா ஒண்ணு. "அப்பத்தாவோட அய்யா"ங்கிறீங்களே, அய்யான்னா யாரு? சில வீட்டுல அப்பாவை அய்யாம்பாங்க, சில வீட்டுல அப்பாவைப் பெத்தவரை. ஒரு தலைமுறை தள்ளிப் போச்சுன்னா இருபது முப்பது வருஷம் தள்ளிப் போகும். அப்பறம், உச்சிப்புளி உங்க ஊரா, அப்பத்தா பிறந்த ஊரா?

வலசைக்காரன் | புதன், இரவு 9:48
நான் எங்கப்பாவை அய்யான்னுதான் கூப்பிடுவேன். அதனால அப்பத்தா சொன்னதும் அவங்க அப்பான்னு எடுத்துக்கிட்டேன். இப்பக் கேட்டேன். அப்பாவைப் பெத்தவராம். "எங்கப்பன் தவழ்ற வயசுல போனாராம், புதுப்பாலத்துல ரயில் விட்ட வருஷம்"னு சொல்லுது. அப்பத்தா பிறந்த ஊரு பெரியபட்டினம் பக்கம். உச்சிப்புளி வாக்கப்பட்டு வந்த ஊரு. இதை முதல்லயே சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கங்க.

சர்வேயர் (ஓய்வு) | புதன், இரவு 10:03
அப்ப ஊரும் தப்பு, காலமும் தப்பு. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில திறந்தது. அந்த வருஷம் சித்திரையிலேர்ந்து ஆனந்த வருஷம். வீட்டுல பழைய ஓலை, பத்திரம், ஜாதகம் எதுலயாவது ஆனந்த வருஷம், ராட்சச வருஷம்னு வந்தா குறிச்சுக்கங்க. ஆனா அறுபது வருஷத்துக்கு ஒருக்கா அதே பேரு வரும், 1974-ம் ஆனந்தவருஷம்தான், கவனம். பெரியபட்டினம் பக்கம் அவங்க குலதெய்வக் கோயில்ல தலைக்கட்டு (குடும்ப) வரி நோட்டு யார்கிட்ட இருக்குன்னு பங்காளிகளைக் கேளுங்க. அவர் காலத்து நோட்டு இருக்காது. ஆனா எந்தத் தலைக்கட்டு எந்தத் தலைக்கட்டுல பிரிஞ்சதுன்னு வரி வசூலிக்கிறவருக்குத் தெரியும். பழைய மொய் நோட்டு இருந்தாலும் விடாதீங்க, பேருக்குப் பக்கத்துல ஊரு இருக்கும்.

தோட்டத்துப் பிள்ளை | வியாழன், காலை 8:40
தம்பி, 1914 வாக்குல போனவர்னா ஒண்ணு கேட்கிறேன். வீட்டுல தகரத்துல சின்னத் தகடு ஏதாவது இருக்கா? கயிறு கோக்க ஓட்டை இருக்கும். எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும்.

வலசைக்காரன் | வியாழன், பகல் 1:15
இருக்கு! அப்பத்தா பெட்டியில விபூதிப் பைக்குள்ள கிடக்கு. நாங்க சின்னப் பிள்ளையில அதை வச்சு விளையாடுவோம், அப்பத்தா பிடுங்கி வச்சுக்கும். ஏதோ சாமி காசுன்னு நினைச்சோம். இதுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கும்னு தெரியாது.

தோட்டத்துப் பிள்ளை | வியாழன், பகல் 2:02
அதுதான்மா தகர டிக்கெட்டு. 1901 வாக்குல வந்த முறை. கங்காணி ஊர்ல ஆள் சேர்த்து ஆளுக்கொண்ணு கொடுப்பார், கழுத்துல கட்டிக்கிட்டுப் போவாங்க. முகாம்ல அதைக் காட்டினாப் போதும். எந்தத் தோட்டத்துக்கு அனுப்பணும், வழிச்செலவை எந்தத் தோட்டத்துக் கணக்குல எழுதணும்னு அதுலயே தெரிஞ்சுடும். எண் தோட்டத்தோடது, எழுத்து தோட்ட மாவட்டத்தோடது. படிக்கத் தெரியாத மனுஷனுக்கு அதுதான் விலாசம். பாலம் வர்றதுக்கு முன்ன தட்டப்பாறை முகாம், அப்பறம் மண்டபம்.

மாவட்டம் தெரிஞ்சா தேடல் பாதியாக் குறையும். தோட்டத்துல நடந்த பிறப்பு, இறப்பைத் தோட்டத்துரை எழுதிப் பதிவுக்கு அனுப்பணும்னு அங்க சட்டம். அந்தப் பதிவு இருந்தா இலங்கையில பதிவாளர் நாயகம் திணைக்களத்துல நகல் கேட்கலாம். ஆனா தோட்டத்துக்கு ஆங்கிலப் பேரு ஒண்ணு, நம்ம ஆளுங்க கூப்பிட்ட பேரு ஒண்ணு. அப்பத்தா வாயில எந்தத் தோட்டப் பேரு வந்தாலும் அப்படியே எழுதி வைங்க, திருத்தாதீங்க. முனியாண்டின்னு மட்டும் தேடினா நூறு பேர் வருவாங்க. அப்பா பேரும் ஊரும் சேர்ந்து வராம இவர்தான்னு முடிவு கட்டிடாதீங்க.

இன்னொண்ணு. கழுத்துல கட்டிக்கிட்டுப் போன தகடு பெரியபட்டினத்துக்கு எப்படித் திரும்பி வந்துச்சு? அவரே ஒரு தடவை வந்து போயிருக்கணும், இல்ல கூடப் போனவர் கொண்டாந்து கொடுத்திருக்கணும். அதை அப்பத்தாகிட்டக் கேளுங்க.

ஏடறிஞன் (மூத்த உறுப்பினர்) | வியாழன், மாலை 4:30
தகர டிக்கெட்டு விஷயம் சரி. எழுத்து என்ன, எண் என்னன்னு போட்டா நானும் பார்க்கிறேன். அந்தக் காலத்து ஃபெர்குசன் டைரக்டரியில மாவட்ட வாரியாத் தோட்டப் பட்டியல் இருக்கு. நேத்து எழுதின அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன்.

பாம்பன் காத்து | வியாழன், மாலை 5:10
மலையகத்து மாதா கோயில் பதிவேட்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

வலசைக்காரன் | சனி, இரவு 11:20
எல்லாருக்கும் நன்றி. கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துச்சு. அப்பறம் சொல்லுச்சு: "கூடப் போன பங்காளி ஒருத்தர் வேட்டியில முடிஞ்சு கொண்டாந்து கொடுத்தாராம். ஆனி மாசம். அன்னைக்குத்தான் எங்க அப்பாயி தாலியக் கழட்டுச்சாம்." வருஷம் தெரியல. மாசம் தெரிஞ்சு திதி தெரியலைன்னா அந்த மாச அமாவாசையில கொடுக்கலாம்னு சேதுக்கரையில அய்யர் சொன்னார். ஆனி அமாவாசைக்கு நான் போய்க் கொடுத்துட்டுத் தீர்த்தம் கொண்டாந்து அப்பத்தாவுக்குத் தர்றேன். தகடு இப்ப அது கைக்குள்ளதான் இருக்கு, வாங்க மனசு வரல.

தோட்டத்துப் பிள்ளை | ஞாயிறு, காலை 6:45
வாங்க வேண்டாம், இருக்கட்டும். அப்பத்தா தூங்குறப்ப விரல் இடுக்குல தெரியற எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. புளி போட்டு விளக்கிடாதீங்க, குத்தின எண் அழிஞ்சுடும்.

தோட்டத்துப் பிள்ளை | அடுத்த வியாழன், இரவு 9:30
தம்பி, எழுத்து என்ன?