தூணைப் பார்த்தே காலம் சொல்லிடலாமா? கலை வரலாறு படிக்க வர்ற ஒருத்தர் கேட்ட கேள்வியும் அதுக்கு வந்த சண்டையும்

புதுசு_மணி:
எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடிச்சிட்டேன், அடுத்து கலை வரலாறு மேற்படிப்பு பரோடாவுலயோ ஜே.என்.யூ.லயோ படிக்கணும்னு ஆசை. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கண்ணைப் பழக்கிக்கலாம்னு மகாபலிபுரம் போனேன். அங்க ஒரு கைடு தூணைக் காட்டி, இது மகேந்திரன் காலம், சிங்கம் உக்காந்திருந்தா மாமல்லன், எந்திரிச்சு நின்னா ராஜசிம்மன், மூணு பேரும் பல்லவ ராஜாங்கன்னு கடகடன்னு சொல்லிட்டு அடுத்த குரூப்பைப் பாக்கப் போயிட்டாரு. ஒரு தூணோட ஷேப்பை வச்சு 50 வருஷம், 100 வருஷம் வித்தியாசம் எப்படிங்க சொல்றாங்க? இதுக்குப் பேரு ஆராய்ச்சியா குத்துமதிப்பா? நான் எதுல ஆரம்பிக்கணும், பாக்குறதுலயா படிக்கிறதுலயா?

உளிச்சத்தம்:
பாக்குறதுல தம்பி. சந்தேகமே வேணாம். கைடு சொன்னது பொய்யில்ல, காரணத்தைச் சொல்லாம விட்டுட்டாரு, அவ்ளோதான். விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுல பாறையைக் குடைஞ்சு செஞ்ச ஒரு குடைவரைக் கோயில் இருக்கு. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்புச் சாந்து இல்லாம பிரம்மா ஈஸ்வரன் விஷ்ணு மூணு பேருக்கும் இதை நான் செஞ்சேன்னு விசித்திரசித்தன், அதாவது மகேந்திரவர்மன், கல்வெட்டுலயே பெருமை அடிச்சிருக்கான். அங்க தூண் கீழயும் மேலயும் சதுரம், நடுவுல எட்டுப்பட்டை, கனமா குட்டையா நிக்கும். அது ஒரு முனை. இன்னொரு முனை காஞ்சி கைலாசநாதர், அது ராஜசிம்மன் கட்டினது, அங்க திரும்புன பக்கமெல்லாம் தூண்ல சிங்கம் எந்திரிச்சு நிக்குது. இப்படி ரெண்டு முனையும் உறுதியாத் தெரிஞ்சா நடுவுல இருக்கிறதை வரிசைப்படுத்தலாம்ல? பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 100 வருஷத்துக்கு முன்னாடி தூண், கூடு (கூரை விளிம்புல வர்ற லாட வளைவு), தோரணம்னு ஒவ்வொண்ணா எடுத்து அதைத்தான் பண்ணாரு. சுவிஸ்காரரு வோல்ஃப்லின் வகுப்புல ரெண்டு ஸ்லைடை பக்கத்துல பக்கத்துல போட்டு ஒப்பிட வச்சதும், இத்தாலி டாக்டர் மொரெல்லி ஓவியத்துல காது, விரல் நகம் வரஞ்ச விதத்தை வச்சு யாரு கைன்னு கண்டுபிடிச்சதும் எல்லாம் ஒரே வம்சம்தான். நோட்டு பென்சில் எடுத்துட்டுப் போய் ஒரு தூணை அரைமணி நேரம் வரைஞ்சு பாருங்க, போட்டோல தெரியாதது தெரியும்.

செப்பேடு:
வந்துட்டாருய்யா. உளி சார், தர்மராஜ மண்டபம்னு ஒண்ணு அதே மகாபலிபுரத்துலதான் இருக்கு, மணிக்கு அதைப் பத்தி ஏன் சொல்லல? உங்க கணக்குப்படி அது மகேந்திரன் பாணி, அதே சதுரம், அதே எட்டுப்பட்டை, அதே கனம், ஒரு சிங்கம் கிடையாது. ஆனா உள்ள இருக்கிற கல்வெட்டு என்ன சொல்லுது? இது அத்யந்தகாமன்னு பட்டப்பேரு உள்ள ராஜாவோட கோயில்னு சொல்லுது. அதே கல்வெட்டு, அதே ஸ்லோகங்கள், கடைசில ருத்ரன் குடியிருக்காத நெஞ்சு உள்ளவங்களுக்கு ஆறு தடவை சாபம்னு வர்றது உட்பட, கணேச ரதத்துலயும் இருக்கு. கணேச ரதத்துல உக்காந்த சிங்கத்து மேல ஒல்லியா தூண் நிக்குது, ஒரே பாறையில செதுக்குன மாடக்கோயில். ஸ்டைல்ல ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு தலைமுறை தூரம்னு நீங்க சொல்றீங்க, கல்வெட்டு ஒரே ராஜான்னு சொல்லுது. நான் யாரை நம்பணும்?

1962ல தொல்லியல் அறிஞர் நாகசாமி இதைத்தான் கேட்டாரு. அத்யந்தகாமன், ரணஜயன் எல்லாம் கைலாசநாதர்ல ராஜசிம்மன் வெட்டி வச்ச பட்டப்பேரு, அங்க 200க்கு மேல பட்டம் இருக்கு. அப்போ மகாபலிபுரம் மொத்தமும் அவன் ஒருத்தன் வேலைதான், விதவிதமா செஞ்சு பாக்குற ரசிகன், ஸ்டைல் மாறுறதுக்கு காலம் மாறியாகணும்னு சட்டமில்லன்னாரு. உங்க வரிசை அங்கேயே ஆடிப்போச்சு.

உளிச்சத்தம்:
ஆடுச்சு, விழல. கல்வெட்டு கோயில் கூடவே பொறந்ததுன்னு யாரு சார் கேரண்டி குடுத்தா? பாட்டன் குடைஞ்சு பாதியில விட்டதுல பேரன் வந்து தன் பேரை வெட்டியிருக்கலாம். தர்மராஜ ரதத்தைப் (நீங்க சொன்ன மண்டபம் இல்ல, அது வேற) போய்ப் பாருங்க. மேல ரெண்டு தளமும் நகாசு வேலையோட முடிஞ்சிருக்கு, கீழ்த்தளம் உள்ள குடையாமலே நிக்குது. மேலருந்து கீழ செதுக்கிட்டே வந்திருக்காங்க, நடுவுல வேலை நின்னுருக்கு. அதுலயும் சாமி உருவங்களுக்கு மேல இருக்கிற பட்டப்பேருங்களோட எழுத்து வேற, மூணாவது தளத்துல அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருஹம்னு வர்ற எழுத்து வேற. அந்தப் பழைய எழுத்துல முதல் பேரே ஸ்ரீ நரசிம்ஹ. அது மாமல்லன், அதாவது முதலாம் நரசிம்மவர்மன் பேருங்க. இதைப் படிக்கவும் கண்ணுதான் வேணும், எழுத்தோட வடிவத்தைப் பாத்துத்தானே பழசு புதுசுன்னு சொல்றீங்க? நீங்க பண்றதும் ஸ்டைல் ஆராய்ச்சிதான், என்ன, தூணுக்குப் பதிலா எழுத்து.

செப்பேடு:
நரசிம்ஹன்னு பேரைப் பாத்ததும் மாமல்லன்னு குதிச்சிட்டீங்களே, ராஜசிம்மனோட சொந்தப் பேரே ரெண்டாம் நரசிம்மவர்மன்தான் சார். அத்யந்தகாமன் ராஜசிம்மனோட அப்பா பரமேஸ்வரவர்மன்னு சொன்னவங்களும் இருக்காங்க, நான் மறைக்கல. எழுத்து வடிவம் பத்தி நீங்க சொன்னதுல பாயிண்ட் இருக்கு, ஆனா ஒரு எழுத்துல வாக்கியம் இருக்கு, பேரு இருக்கு, சில சமயம் ஆட்சியாண்டே இருக்கு. தூண்ல அது இல்ல.

சித்தன்னவாசல் சமணக் குடைவரை ஞாபகம் இருக்கா? அந்த ஓவியத்தைப் பாத்ததும் மகேந்திரன் காலம்னு துப்ரேயே சொன்னாரு, எல்லாரும் தலையாட்டினாங்க. அப்புறம் அங்கேயே இருக்கிற கல்வெட்டை ஒழுங்காப் படிச்சா, மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்துல உள்மண்டபத்தைப் புதுப்பிச்சு முன்மண்டபத்தைக் கட்டினாருன்னு வருது, 9ஆம் நூற்றாண்டு. 200 வருஷம் தள்ளிப் போச்சு. கண்ணு நல்ல வேலைக்காரன், ஆனா கணக்கு எழுதத் தெரியாது.

மெழுகச்சு:
நீங்க ரெண்டு பேரும் கல்லுலயே முட்டிக்கிறீங்க, செம்பு பக்கம் வாங்க. நடராஜர் வெண்கலச் சிலையே சோழ ராணி செம்பியன் மாதேவி காலத்துல, 10ஆம் நூற்றாண்டுலதான் வருதுன்னு ஸ்டைல் வச்சு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. உலோக ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் சிலைங்கள்ல இருந்து துளியூண்டு உலோகம் எடுத்து ஈயத்தோட ஐசோடோப்பு (ஒரே தனிமத்தோட எடை வேறுபட்ட அணு வகைங்க) விகிதத்தையும், நுண்ணளவுல கலந்த மத்த தனிமங்களையும் அளந்தாங்க. எந்தக் கூட்டத்துச் சிலை எந்த உலோகத்தோட ஒத்துப்போகுதுன்னு பாத்துட்டு சில நடராஜர் பல்லவர் காலத்தையே சேர்ந்ததுன்னு 2004ல எழுதினாங்க. கண்ணு சொன்னதுக்கு மெஷின் மறுப்பு சொல்லிருச்சு. மணி, பி.காம்னு கூச்சப்படாதீங்க, லேப் ரிப்போர்ட் படிக்கக் கத்துக்கிட்டா நீங்க எல்லாரையும் விட ஒரு படி மேல.

உளிச்சத்தம்:
அருமை. அந்த மெஷின்ல பல்லவர்னு பட்டன் இருக்கா? ஒத்துப்போகுதுன்னு சொல்ல ஒரு ஒப்பீட்டுக் கூட்டம் வேணும்ல, அதை யாரு பிரிச்சுக் குடுத்தா? ஸ்டைலும் கல்வெட்டும்தான். உலோகம் எந்த ஈயம்னு சொல்லும், எந்த வருஷம்னு அதுவே சொல்லாது, பழைய சிலையை உருக்கிப் புதுசு வார்த்திருந்தா அதுவும் போச்சு. தஞ்சாவூர் கலைக்கூடத்துல திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளையோட வர்ற சிவன், நிக்கிறாரே, தலைமுடியைப் பாம்பு வச்சு தலைப்பாகை மாதிரி சுத்திக்கிட்டு, ஒரு கையை நந்தி மேல ஊன்றின மாதிரி வச்சுக்கிட்டு, ஆனா நந்தி இல்ல. அது 1011, அம்மன் 1012ன்னு திருவெண்காட்டுக் கல்வெட்டுல இருந்து தெரியுது. அந்த மாதிரி வருஷத்தோட ஆணி அடிச்ச சிலைங்க கொஞ்சம்தான். மீதி எல்லாத்தையும் அதுங்க பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் காலம் சொல்றோம், லேப்பும் அதுலதான் தொங்குது.

செப்பேடு:
திருவெண்காட்டுல ஆணி அடிச்சது கல்வெட்டு சார். நீங்களே சொல்லிட்டீங்க, நன்றி :)

கேள்விக்குறி:
ஒரு மணி நேரமா படிச்சிட்டு இருக்கேன், நாலு பேருக்கும் ஒரே கேள்விதானா, எந்த ராஜா, எந்த வருஷம்? உளி வச்சவன் யாரு, அவனுக்குக் கூலி எங்கருந்து வந்துச்சு, அந்தப் பாறை முன்னாடி நின்னு யாரு என்ன பாத்தாங்கன்னு ஒருத்தரும் கேக்கலையே.

மகாபலிபுரத்துப் பெரிய புடைப்புச் சிற்பத்தை எடுத்துக்கோங்க. கலை வரலாற்று அறிஞர் பானோஃப்ஸ்கி சொன்ன வரிசைப்படி முதல்ல தெரியுறதை மட்டும் சொல்லணும்: ஒத்தக்கால்ல ஒரு ஆள், கை ரெண்டும் தலைக்கு மேல, எலும்பு தெரியுது, பக்கத்துல நாலு கையோட ஒருத்தர். அடுத்த படி, கதை தெரிஞ்சவங்களுக்கு அது சிவன் வரம் குடுக்குறது. இங்கதான் தகராறு. அர்ஜுனன் தபசுன்னு சொல்லிட்டு இருந்தப்ப 1914ல கொலுபேவ்னு ஒரு ஆய்வாளர், நடுப்பிளவுல நாகங்க மேல ஏறி வருது, பாறை உச்சியில தண்ணித் தொட்டி இருந்த அடையாளம் இருக்கு, அப்ப இது பகீரதன் கங்கையைக் கொண்டு வந்ததுன்னாரு. 80 வருஷம் சண்டை. 1994ல கலை வரலாற்று ஆய்வாளர் பத்மா கைமல், ஏன் ஒண்ணா இருக்கணும், ரெண்டு அர்த்தமும் வர்ற மாதிரி வேணும்னே விளையாடியிருக்காங்க, அதுல அரசியலும் இருக்குன்னு எழுதினாங்க. கீழ பூனை ஒண்ணு அதே போஸ்ல கையைத் தூக்கிட்டு நிக்குது, சுத்தி எலிங்க. தவத்தையே கிண்டல் பண்ண இடம் விட்ட ஊரு அது, நீங்க என்னடான்னா ஒரே விடை கேக்குறீங்க.

செப்பேடு:
பானோஃப்ஸ்கி ஐரோப்பா ஓவியத்துக்குப் படிச்ச முறை அம்மா. அங்க படத்துக்கு அடியில பைபிள் இருக்கு, எடுத்து ஒப்பிடலாம். நமக்கு அந்தச் சிற்பிங்க எந்த நூலை வச்சிருந்தாங்கன்னு ஒரு சீட்டு கூட இல்ல. ரெண்டு அர்த்தமும் சரின்னா எந்த அர்த்தமும் தப்பாகாது, அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி?

கேள்விக்குறி:
அது கரெக்டான பயம்தான், அதனாலதான் ஆதாரம் காட்டணும், கைமலும் காட்டித்தான் எழுதினாங்க. ஆனா எந்த வருஷம்ங்கிற கேள்வி மட்டும் போதாதுன்னு ஒரு உதாரணம். ஸ்ரீபுரந்தான் நடராஜர். 2008ல ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் குடுத்து வாங்குச்சு. ஸ்டைல் பக்கா சோழர், காலத்துல யாருக்கும் சந்தேகமில்ல. கூட வந்த பேப்பர் எல்லாம் போலி. கோயில்ல அதே சிலை இருந்தப்ப புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வச்ச போட்டோவோட ஒப்பிட்டதும் குட்டு உடைஞ்சது, 2014ல சிலை திரும்பி வந்துச்சு. யாரு கையில இருந்து யாரு கைக்குப் போச்சுன்னு கேக்குறதும் கலை வரலாறுதான் மணி, மியூசியம் வேலைக்குப் போனா முதல்ல இதைத்தான் கேப்பாங்க.

மெழுகச்சு:
அந்த போட்டோவுலயும் வார்ப்பு அடையாளம், தேஞ்ச இடம் எல்லாம் ஒண்ணொண்ணா ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். உளி சார் குஷியாகிருவாரு.

புதுசு_மணி:
தலை சுத்துது, ஆனா நல்லாருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன். என்ன செய்யட்டும்?

உளிச்சத்தம்:
கணேச ரதத்துக்கும் தர்மராஜ மண்டபத்துக்கும் மட்டும் போங்க. மண்டபத்துல கருவறை வாசல் காவலாளிங்களை யாரோ கொத்தி எடுத்திருக்காங்க, அந்த வெட்டுத் தடத்தையும் சேத்து வரைங்க.

செப்பேடு:
போறதுக்கு முன்னாடி தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி, ஹுல்ஷ் 1890ல போட்டது, நெட்ல சும்மாவே கிடைக்குது, மகாபலிபுரம் பகுதியைப் படிச்சிட்டுப் போங்க.

உளிச்சத்தம்:
படிக்காமப் போங்க. வந்து படிங்க. முன்னாடியே படிச்சா அத்யந்தகாமனைத் தவிர வேற எதுவும் கண்ணுல படாது.

செப்பேடு:
படிக்காமப் போனா மகேந்திரன்னு எழுதிட்டு வருவான் பையன்.

கேள்விக்குறி:
எழுதட்டுமே. எதைப் பாத்து அப்படி எழுதினான்னு பக்கத்துலயே குறிச்சு வச்சா போதும், அடுத்த வாரம் இங்க வச்சு கிழிக்கலாம்.