புதுப்பிப்பு: படுகொலைகளும் யூத நோன்பு நாட்களும்

எகிப்து அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுபட்டதைக் கொண்டாடும் பெசாக் பண்டிகை விருந்தில் படிக்கும் ‘ஒவ்வொரு தலைமுறையிலும் நம்மை அழிக்க எழுகிறார்கள்’ என்ற வரியைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். அப்படியானால் ஒவ்வொரு படுகொலைக்கும் தனி நோன்பு உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பெரும்பாலும் இல்லை. 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ரைன் நதிக்கரையில் ஸ்பேயர், வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்களின் யூதர்களைக் கொன்றன. அதற்கான ஒப்பாரியை, எருசலேம் ஆலயம் இடிந்ததற்காக நோன்பிருக்கும், யூத நாட்காட்டியின் ஆவ் மாத ஒன்பதாம் நாளில்தான் தரையில் உட்கார்ந்து பாடுகிறார்கள். மூன்று ஊர்களும் அதில் பெயரோடு வரும். புதிதாகத் துக்க நாள் கூட்டக் கூடாது, அதனால் இன்றே அழுகிறேன் என்று காரணமும் அந்தப் பாட்டே சொல்லிவிடும்!

விதிவிலக்கும் உண்டு. 1171, சிவான் மாதம் 20 அன்று பிரான்சின் புளுவாவில் 30க்கும் மேற்பட்ட யூதர்களைக் கொலைப்பழி சுமத்தி எரித்தார்கள். அந்த நாள் நோன்பு நாளானது. 1648 உக்ரைன் படுகொலைகளுக்கும் போலந்து யூதர்கள் அதே தேதியில்தான் நோன்பு வைத்தார்கள்.

நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த ஹோலோகாஸ்ட் விஷயத்தில் இழுபறி. இஸ்ரேல் நாடாளுமன்றம் 1951இல் அதன் நினைவு நாளாக நிசான் மாதம் 27ஐத் தேர்ந்தெடுத்தது. பெசாக் வரும் நிசான் விடுதலையின் மாதம், அதில் துக்கம் கூடாது என்பது ரபிகள் (யூத மதகுருக்கள்) பலரின் வாதம். தலைமை ரபி மன்றமோ ஏற்கெனவே நோன்பு நாளான தெவேத் மாதம் 10ஐ, இறந்த தேதி தெரியாதவர்களுக்குக் கதீஷ் என்ற இறந்தோருக்கான பிரார்த்தனை சொல்லும் நாளாக்கியது. பழைய மரபோடு இதுதான் ஒட்டுகிறது என்பது என் எண்ணம்.

பூரிம் என்ற யூதப் பண்டிகை பற்றிக் கேட்டவர்களுக்கு: அது கூத்தும் கும்மாளமுமான தனிக் கதை, அப்புறம் எழுதுகிறேன்.