கடை வாசலில் வீட்டுக் குப்பை, என்ன செய்யலாம்?

கோத்தகிரியில் சின்னதாக டீ, வர்க்கி கடை நடத்துகிறேன். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால், காலையில் படிக்கட்டில் யாரோ வீட்டுக் குப்பையை மூட்டை கட்டிப் போட்டிருக்கிறார்கள், மிச்சச் சோறு, கோழி எலும்பு, குழந்தை டயப்பர் எல்லாம் ஒன்றாக. அந்த வாடைக்குக் கரடி வருகிறது, காட்டெருமை பிளாஸ்டிக்கையும் சேர்த்து மெல்லுகிறது. இருட்டோடு பால் வாங்க வருகிறவர்கள் எதிரே மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்பதுதான் என் பெரிய பயம். திடக்கழிவு விதிப்படி குப்பையைப் பிரித்துக் கொடுப்பது அந்தந்த வீட்டின் பொறுப்பு, ஆனால் என் வாசலில் கிடப்பதால் தூய்மைப் பணியாளர் அக்கா என்னைத்தான் கேட்கிறார். போர்டு வைத்தேன், பயனில்லை. கேமரா வைத்தால் அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வருமா? குன்னூர், ஊட்டி பக்கம் கடை வைத்திருக்கிறவர்கள் இதை எப்படி நிறுத்தினீர்கள், புகாரை யாரிடம் எழுதிக் கொடுத்தீர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.