1954-க்கு முன்னால் காமராஜர் என்னதான் செய்துகொண்டிருந்தார்?

கரிசல்காட்டான்:
காமராஜர் என்றாலே மதிய உணவு, பள்ளிக்கூடம், அணைக்கட்டு என்று 1954-க்குப் பிந்தைய கதைதான் எங்கும் ஓடுகிறது. அதற்கு முன்னால் கேட்டால் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டார், ஜெயிலுக்குப் போனார், அவ்வளவுதான், நேரே முதலமைச்சர் நாற்காலிக்குத் தாவிவிடுகிறார்கள். பட்டம் கிடையாது, சொத்து கிடையாது, அடுக்குமொழியில் பேசவும் வராது. வக்கீல்கள் நிறைந்திருந்த காங்கிரஸில் இப்படி ஒருவர் நாற்பது வயதுக்குள் மாகாணத் தலைவர் ஆனது எப்படி? பூமாலை போடாமல் யாராவது சொல்லுங்களேன்.

பழைய பேப்பர்:
1903-ல் விருதுநகரில் பிறந்தவர், அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். படிப்பை விட்டதும் மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார வைத்தார்கள். பையனோ கடையைப் பார்க்காமல் பேப்பர் படிப்பதும் பொதுக்கூட்டத்துக்குப் போவதுமாக இருந்தான். அப்புறம் ஜாலியன்வாலாபாக் சேதி வந்தது, சொல்லவே வேண்டாம். இது சரிப்படாது என்று திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அரசியல் வாடையே படக்கூடாது என்று திருவிதாங்கூர் பக்கம் அனுப்பிய பிள்ளை, அங்கேயே கோயில் தெருவில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக நடந்த வைக்கம் சத்தியாகிரகத்தில் போய்க் கலந்துகொண்டால் வீட்டார் என்ன செய்வார்கள், பாவம்!

1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், அலிப்புரம் சிறை, அடுத்த வருடம் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் விடுதலை. 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் சேர்த்தார்கள். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடினார்கள், வழக்கு நிற்கவில்லை. என் கணிப்பில் அந்தச் சிறைவாசம்தான் அவருக்குக் கல்லூரி. மற்ற ஜில்லாக்காரர்களோடு மாதக்கணக்கில் ஒன்றாக இருந்தால் எந்த ஊரில் யார் உழைப்பார்கள், யார் போட்டோவுக்கு மட்டும் வருவார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடுமே.

மைலாப்பூர் மாமா:
அவருடைய அரசியல் குரு சத்தியமூர்த்தியை விட்டுவிட்டீர்களே சார். 1936-ல் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், காமராஜர் செயலாளர். மறு வருடமே சாத்தூரிலிருந்து சட்டசபைக்குப் போனார். 1940 தலைவர் தேர்தலில் ராஜாஜி பக்கத்து வேட்பாளர் சி.பி. சுப்பையா, காமராஜருக்கு 103 ஓட்டு, அவருக்கு 100. மூன்றே ஓட்டு! அதற்குப் பிறகு சத்தியமூர்த்தியே தன் சீடருக்குக் கீழே செயலாளராக இருந்தார். இன்றைக்கு எந்தக் கட்சியிலாவது நடக்குமா?

வெட்டிப்பேச்சு:
அப்போ கோஷ்டி அரசியல்தான். ராஜாஜியை மடக்க சத்தியமூர்த்தி தூக்கிவிட்ட ஆள். இதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

பழைய பேப்பர்:
கோஷ்டி இல்லை என்று யார் சொன்னது? நன்றாகவே இருந்தது. ஆனால் வெறுமனே தூக்கிவிடப்பட்ட ஆள் என்றால் 1943-ல் சத்தியமூர்த்தி இறந்ததோடு கதை முடிந்திருக்க வேண்டும். அப்போது இவர் சிறையில் வேறு இருந்தார்.

அந்தச் சிறைக்கு எப்படிப் போனார் என்று பாருங்கள். 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் போட்ட பம்பாய் காங்கிரஸ் கூட்டம் முடிந்து ரயிலில் திரும்புகிறார், போய்வந்த தலைவர்களைப் பிடிக்க அரக்கோணத்தில் போலீஸ் காத்திருக்கிறது. கண்ணில் படாமல் நழுவி ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஊர் ஊராகப் போய் உள்ளூர்க்காரர்களிடம் வேலையைச் சொல்லிவிட்டு, விருதுநகர் வந்து சேர்ந்தபின் ‘நான் தயார், கைது செய்யலாம்’ என்று அவரே போலீசுக்குச் சொல்லியனுப்பினார். மூன்று வருடம் உள்ளே. ஊருக்கு ஊர் நம்பிக்கையான ஆள் இல்லாதவரால் இப்படி ஒரு சுற்றுச் சுற்றியிருக்க முடியாது.

கரிசல்காட்டான்:
இதைத்தான் கேட்டேன், நன்றி. எங்கள் பக்கத்தில் அவர் நகராட்சித் தலைவராக இருந்தார் என்றும் சொல்வார்கள், அது உண்மையா?

மைலாப்பூர் மாமா:
உண்மைதான் தம்பி, ஆனால் ‘இருந்தார்’ என்பது கொஞ்சம் அதிகம். 1940 கடைசியில் காந்தியைப் பார்க்க வார்தா போகும் வழியில் குண்டூரில் பிடித்து வேலூர் சிறையில் போட்டார்கள். உள்ளே இருக்கும்போதே விருதுநகரில் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1941 நவம்பரில் வெளியே வந்ததும் முழுநேரமும் பார்க்க முடியாத பதவி எனக்கு எதற்கு என்று ராஜினாமா செய்துவிட்டார். அதே ஆள் கட்சித் தலைவர் பதவியை மட்டும் 1946-ல் ராஜாஜியை எதிர்த்தவர்களைக் காந்தியே ‘கோஷ்டி’ என்று எழுதியபோதும் விடவில்லை. தேர்தல் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார், அவ்வளவுதான்.